ஆழத்து எண்ணெய் – 9: அடியில் நின்று தள்ளும் மோட்டார்

சென்ற வாரம் தலையாட்டும் பம்ப்பில் நிறுத்தினோம். எண்ணெய் தீர்ந்து கிணறு நிற்பதில்லை, மேலே தள்ளும் அழுத்தம் குறைந்துதான் நிற்கிறது என்பதைத் திரும்ப விளக்கப்போவதில்லை. இந்த வாரம் கேஸ் லிஃப்ட் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகிறது. காரணம், புரொடெக்டர். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு இரும்புக் குழாய். எண்ணெய்த் துறைக்கு வெளியே அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்த பிறகு வேறு எதையும் எழுதக் கை வரவில்லை.

தலையாட்டும் பம்ப்பில் மோட்டார் தரையில், பம்ப் அடியில். இடையே கம்பிகளை ஒன்றோடொன்று திருகி இறக்குகிறார்கள். ஆழம் கூடக் கூட மேல்கம்பி தனக்குக் கீழுள்ள அத்தனை கம்பிகளின் எடையையும் தாங்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் கம்பி நீண்டு சுருங்கும். கிணறு வளைந்திருந்தால் குழாயின் சுவரில் உராய்ந்து இரண்டும் தேயும்.

கம்பியே வேண்டாம், மோட்டாரையே அடியில் இறக்கிவிடலாம் என்று இறங்கியவர் அர்மைஸ் அருதூனோஃப். 1893-இல் திஃப்லிஸில், இன்றைய ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில், ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். 1911-இல் யெகாதெரினோஸ்லாவில் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். ‘ரஷ்யன் எலெக்ட்ரிக்கல் டைனமோ ஆஃப் அருதூனோஃப்’ என்று பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ரெடா. புரட்சிக்குப் பிறகு, 1919-இல் பெர்லினுக்கும் 1923-இல் அமெரிக்காவுக்கும் குடிபெயர்ந்தார். லாஸ் ஏஞ்சலஸில் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் பிலிப்ஸ் பெட்ரோலியம் கைகொடுக்க, 1928-இல் ஓக்லஹோமாவின் பார்ட்லெஸ்வில்லுக்கு வந்தார். கான்சாஸ் மாநிலத்தின் எல் டொராடோ வயலில் அவருடைய பம்ப் கிணற்றுக்குள் இறங்கியது. 1930-இல் நிறுவனம் ரெடா பம்ப் கம்பெனி ஆனது. அமெரிக்காவில் செயற்கை முறையில் மேலேற்றப்பட்ட எண்ணெயில் 2 சதவீதம் அவருடைய பம்ப்புகள் வழியே வந்ததாக 1938-இல் மதிப்பிட்டார்கள். நாடுவிட்டு நாடு போனாலும் அவர் விடாமல் சுமந்துவந்த அந்தப் பெயர் இன்றும் பம்ப்புகளின் மேல் பொறிக்கப்படுகிறது.

சாதாரண மோட்டாரைக் கிணற்றில் இறக்க முடியாது. கிணற்றின் சுவராக நிற்கும் கேசிங் குழாய்களில் பரவலாகப் பயன்படும் ஐந்தரை அங்குலக் குழாயின் உள்விட்டம் ஐந்து அங்குலத்துக்கும் குறைவு. அகலத்தில் இடமில்லை; எனவே நீளத்தில் போனார்கள். நாலரை அங்குலப் பருமனில், 10 மீட்டர் வரைகூட நீளும் மோட்டார். அவ்வளவு நீளமான ரோட்டாரை ஒரே துண்டாகச் சுழற்றினால் நடுவில் வளைந்து சுவரில் இடிக்கும். அதனால் சிறு சிறு துண்டுகளாக ஒரே அச்சில் கோத்து, இடையிடையே பேரிங் வைக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் அழுத்தம். மோட்டாருக்கு மேல் 1,000 மீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நின்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 85 கிலோ அழுத்தும். பம்ப்பைச் சுழற்ற மோட்டாரின் அச்சு வெளியே வந்தாக வேண்டும். அது நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றை ஒட்டிய வேகத்தில் சுழலும் இடத்தில் ஒரு சீல் இருக்க வேண்டும். வெளியே இவ்வளவு அழுத்தம், உள்ளே காற்று என்றால் எந்தச் சீலும் நெடுநாள் நிற்காது. கிணற்றின் உப்புநீர் கொஞ்சம் உள்ளே நுழைந்தாலும் சுருள் எரிந்துவிடும்.

இங்கேதான் புரொடெக்டர் வருகிறது. மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவே அதன் இடம். மோட்டாருக்குள் காற்றே இல்லை. மின்சாரம் கடத்தாத எண்ணெயால் அது முழுக்க நிரப்பப்பட்டிருக்கிறது. புரொடெக்டருக்குள் ஒரு ரப்பர் பை. பைக்கு வெளிப்புறம் கிணற்றின் திரவம், உட்புறம் மோட்டாரின் எண்ணெய். கிணறு எவ்வளவு அழுத்தினாலும் பை அதை அப்படியே உள்ளே கடத்திவிடும். உள்ளேயும் 85, வெளியேயும் 85. சீல் எதையும் எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. இரண்டு திரவங்களும் கலக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மோட்டார் ஓடும்போது உள்ளிருக்கும் எண்ணெய் சூடாகி விரியும், பை உப்பும். நிறுத்தினால் எண்ணெய் சுருங்கும், பையும் சுருங்கும். ஆழத்தின் பாரத்தை எதிர்க்கக் கனமான கவசம் செய்யாமல், அந்தப் பாரத்தையே உள்ளே அனுமதித்து அதன் வலிமையை இல்லாமலாக்கிவிடுகிறார்கள். எண்ணெய்த் துறையில் இதைவிட அழகான யோசனை ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதனால்தான் கிணற்றடியில் இதைப் பொருத்தும் வேலை அவ்வளவு நிதானமாக நடக்கிறது. மோட்டாரையும் புரொடெக்டரையும் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கைப்பம்ப்பால் கீழிருந்து மெதுவாக எண்ணெய் ஏற்றுகிறார்கள். மேல்துளையில் முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு தெளிந்த எண்ணெய். குமிழி அடியோடு நிற்கும்வரை அடுத்த வேலைக்குப் போகமாட்டார்கள். உள்ளே சிக்கிய காற்று அழுத்தத்தில் சுருங்கும்; அந்த இடத்தைக் கிணற்றுத் திரவம் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு மேலே பம்ப். அதற்குள் சுழலும் இம்பெல்லர் என்ற சக்கரம் ஒன்று சில மீட்டர் உயரத்துக்குத்தான் தள்ளும். அதனால் ஒன்றின்மேல் ஒன்றாக நூற்றுக்கணக்கில் அடுக்குகிறார்கள். மின்கம்பியை, எண்ணெய் மேலேறும் குழாயோடு சேர்த்து எஃகுப் பட்டையால் இறுக்கிக்கொண்டே இறக்க வேண்டும். எண்ணெய் கிணற்றுக்குள் வரும் துளைகளுக்கு மேலேயே மோட்டார் நிற்க வேண்டும். அதை உரசிக்கொண்டு மேலேறும் திரவம்தான் அதைக் குளிர்விக்கிறது. எண்ணெயோடு ஏராளமாகத் தண்ணீரும் வரும் முதிய வயல்களில் இந்தப் பம்ப்பின் கொள்ளளவு பெரிய பலம். அருதூனோஃப் விட்டுவந்த ரஷ்யாவில் இன்று எடுக்கப்படும் எண்ணெயின் பெரும்பகுதி, நீர்மூழ்கி மின்பம்ப்புகளால்தான் மேலே வருகிறது.

இதற்கும் எதிரிகள் உண்டு. மணல் இம்பெல்லரை அரிக்கும். மின்கம்பி பழுதானால் மொத்தக் குழாயையும் உருவி எடுக்க வேண்டும். ஆனால் பெரிய எதிரி வாயு. எண்ணெயோடு வாயு அதிகம் நுழைந்தால் இம்பெல்லர்கள் வெறுமனே சுற்றும், எண்ணெய் நகராது. கேஸ் லாக் என்கிறார்கள். அதைத் தடுக்கப் பம்ப்பின் வாயிலேயே வாயுவைப் பிரித்து ஒதுக்கும் கருவி வைக்கிறார்கள்.

இதே வாயுவை வேண்டுமென்றே கிணற்றுக்குள் செலுத்தினால் எண்ணெய் எழும் என்பதுதான் கேஸ் லிஃப்ட். நம் ஊர்ப் போர்வெல்களில் கம்ப்ரசர் மோட்டார் போட்டுத் தண்ணீர் எடுப்பவர்களுக்கு அதன் அடிப்படை ஏற்கெனவே தெரியும்: குழாயின் அடியில் காற்றைக் கலந்தால் தண்ணீர்த் தூண் லேசாகி மேலே வரும். எண்ணெய்க் கிணற்றில் அதைச் செய்ய, குழாயின் பக்கவாட்டில் ஓர் அறை அமைத்து அதற்குள் வால்வை வைக்கிறார்கள். அந்த வால்வைக் குழாயை உருவாமலேயே மெல்லிய கம்பி விட்டு மாற்றுகிற வித்தையிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)