கட்டில் நிறையக் கம்பளி... குளிரில் நடுங்கிய கும்பகோணத்துக்காரர்! - ராமானுஜனின் முதல் டெர்ம்

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரம். டெல்டாவில் குறுவை அறுவடைக்கு மெஷின் எப்போது வரும் என்று காத்திருக்கும் நேரம். அதே நாள்களில் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் சில வீடுகளில் வேறொரு பரபரப்பு நடக்கும். சூட்கேஸை எடை மெஷினில் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய், குட்டி குக்கர் எல்லாம் உள்ளே போயாக வேண்டும். 23 கிலோவைத் தாண்டிவிட்டால் எதை வெளியே எடுப்பது என்று அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு சண்டை. கடைசியில் திருச்சி ஏர்போர்ட் வாசலில் அதே வசனம்: "போனதும் போன் பண்ணுப்பா!"

போன் வரும். வீடியோ காலும் வரும். ஆனால், முதல் செமஸ்டர் முழுக்கப் பல வீடுகளுக்கு வந்து சேர்வது ஒரே ஒரு பதில்தான்: "நல்லா இருக்கேம்மா."

இதே டெல்டாவிலிருந்து 1914-ல் கிளம்பிப் போன ஒருவரும் வீட்டுக்கு அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், சீனிவாச ராமானுஜன். கணித மேதையாக எல்லோருக்கும் தெரிந்தவர்தான். ஆனால் வெளிநாட்டுக்குப் புதிதாகப் போய் இறங்கிய மாணவராக அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அந்தப் படுக்கையறை

ராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்த புதிது. அங்கே கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வங்காள இளைஞர் ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பின்னாளில் தொடங்கிய பி.சி.மகலனோபிஸ்தான் அவர். ராமானுஜனுக்கு ஒரு வருடம் முன்னதாக இங்கிலாந்துக்கு வந்தவர். இன்றைய பாஷையில் 'சீனியர்'.

கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார் ராமானுஜன். "ராத்திரியில் குளிர் தாங்குகிறதா?" என்று மகலனோபிஸ் கேட்டார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மேலே சால்வையைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பதாகவும், அப்படியும் நடுங்குவதாகவும் பதில் வந்தது. கம்பளி கொடுக்கவில்லையோ என்ற சந்தேகத்தில் மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார்.

கம்பளிகள் இருந்தன. ஒன்றல்ல, பல. எல்லாம் மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு போடப்பட்டிருந்தது. ஆங்கிலேய வழக்கப்படி அந்தக் கம்பளிகளைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும். ராமானுஜனுக்கு அது தெரியாது. மேலே கிடந்த மெல்லிய விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு அத்தனை ராத்திரியையும் கழித்திருந்தார். கம்பளியை எப்படிப் பிரிப்பது என்று மகலனோபிஸ் செய்து காட்டினார்.

பிற்காலத்தில் மகலனோபிஸே சொன்ன சம்பவம் இது. கேட்டால் சிரிப்பு வரும்தான். ஆனால் பாயும் தலையணையும் மட்டுமே பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, கட்டிலில் செருகியிருக்கும் துணிக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

எஃப்.ஏ. ஃபெயில்

கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதி தெருவில் வளர்ந்தவர் ராமானுஜன். அப்பா ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவர். டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கிய பையன், 1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரிக்கு 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. அங்கே கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டதால் உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. 1912-ல் சென்னை துறைமுகத்தில் கிளார்க் வேலை, மாதம் 30 ரூபாய்.

1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அந்தக் கதை ஊருக்கே தெரியும். அடுத்த ஆண்டு, ஹார்டியின் சக ஆசிரியர் நெவில் சென்னைக்கு வகுப்பெடுக்க வந்தபோது, ராமானுஜனை எப்படியாவது அழைத்துவரும் பொறுப்பும் அவரிடம் இருந்தது.

ராமானுஜன் தரப்பில் இருந்த சந்தேகங்கள் இவை: பணத்துக்கு என்ன செய்வது? இந்த இங்கிலீஷ் அங்கே போதுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? பரீட்சை எழுதச் சொல்வார்களா? ஐ.இ.எல்.டி.எஸ். கோச்சிங் சென்டர் வாசலில் இன்று நிற்கும் பிள்ளைகளைக் கேட்டாலும் பட்டியல் பெரிதாக மாறியிருக்காது. ஒவ்வொன்றுக்கும் நெவில் சமாதானம் சொன்னார். பரீட்சை கிடையாது என்ற பதில்தான் ராமானுஜனுக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்!

பணத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டது. ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை. அதில் 50 பவுண்டு அவருடைய குடும்பத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. அன்று ஒரு பவுண்டு 15 ரூபாய் என்பதால், அது 750 ரூபாய். துறைமுகத்தில் இரண்டு வருடம் உழைத்தாலும் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய சம்பளம் 720 ரூபாய்தான். படிக்கப் போன பிள்ளையின் பணத்தில் குடும்பம் நடப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல.

கடல் தாண்டினால் சாதி ஆசாரம் கெடும் என்ற பயம் பெரிதாக இருந்த காலம் அது. நாமகிரித் தாயார் கனவில் வந்து, மகனைத் தடுக்காதே என்று சொன்ன பிறகே அம்மா கோமளத்தம்மாள் சம்மதித்தார் என்று குடும்பத்தில் சொல்வார்கள். கிளம்பும் முன் அம்மாவையும், பதின்வயது மனைவி ஜானகியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார் ராமானுஜன். அவர்கள் போன பிறகுதான் குடுமியை எடுத்துக்கொண்டார். அதை அம்மா பார்க்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

1914 மார்ச் 17. 'நெவாசா' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. லண்டனை அடைந்தது ஏப்ரல் 14-ல். 28 நாள் பயணம்.

மூலையில் தூங்கிய நோட்டு

முதல் சில வாரங்கள் அவருக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். துறைமுகத்துக்கே வந்து அழைத்துப்போன நெவில், தன் வீட்டிலேயே தங்கவும் வைத்தார். ஜூன் வாக்கில் டிரினிட்டி கல்லூரிக்குள்ளேயே அறை கிடைத்தது. ஹார்டியின் அறைக்குச் சில நிமிட நடை. காலை இறுக்கும் ஷூ மட்டும் கடைசிவரை ஒத்துவரவில்லை. அறைக்குள் செருப்புதான்.

கேம்பிரிட்ஜில் செமஸ்டர் கிடையாது. வருடத்துக்கு மூன்று டெர்ம். ராமானுஜன் ஆராய்ச்சி மாணவர் என்றாலும் சில வகுப்புகளுக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு நாள் ஆர்தர் பெர்ரி என்ற ஆசிரியர் பாடம் நடத்தும்போது, ராமானுஜனின் முகம் மலர்ந்திருப்பதைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். எழுந்துபோன ராமானுஜன், பெர்ரி இன்னும் நிரூபித்துக் காட்டாத முடிவுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? நிறைய இருந்தது. விடை தெரியும், ஆனால் அது ஏன் சரி என்று படிப்படியாக நிரூபித்துக் காட்டும் முறை அவருக்குப் பழக்கமில்லை. பகா எண்கள் பற்றி அவர் உறுதியாக நம்பியிருந்த சில முடிவுகள் தவறு என்றும் அங்கே போன பிறகே தெரிந்தது. மிரட்டிப் படிக்கவைத்தால் அந்தக் கற்பனையே அறுந்துபோகும் என்று ஹார்டி பயந்தார். அதனால் பாடமாக நடத்தாமல், பேச்சோடு பேச்சாகத் தேவையானதை மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

முதல் குளிர்காலத்தின் நடுவே ஊரிலிருந்த நண்பருக்கு ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். இங்குள்ளவர்களின் முறைகளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அவற்றை வைத்துப் புதிய முடிவுகளைத் தேடுகிறேன், என் பழைய நோட்டு நாலைந்து மாதங்களாக மூலையில் தூங்குகிறது என்று அதில் சொல்லியிருந்தார். அந்த நோட்டுதான் அவரைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தது. ஊரில் வேலை தேடி அலைந்தபோது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிந்ததும் அதைத்தான். இங்கே வந்ததும் அதை மூலையில் போட்டுவிட்டு முதல் வகுப்பிலிருந்து தொடங்க, 26 வயதில் எவ்வளவு மனசு வேண்டும்!

அடுப்பில் வாணலி, கையில் புதிர்

சாப்பாடுதான் பெரிய பாடு. கல்லூரிச் சமையலறையில் உருளைக்கிழங்கைப் பன்றிக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அந்தப் பக்கமே போகாமல் விட்டார் என்று சொல்வார்கள். அறையிலேயே சமையல். ஊரிலிருந்து பார்சல் வரும். டிரினிட்டியில் மற்றவர்கள் பெரிய கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அறிமுகம், நட்பு எல்லாம் நடப்பது அந்த மேஜையில். தனியாகச் சமைத்தவருக்கு அது எதுவும் கிடைக்கவில்லை.

1914 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராமானுஜன் வாணலியில் காய்கறி கிளறிக்கொண்டிருக்கிறார். மேஜையருகே மகலனோபிஸ், 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த ஒரு புதிரை வாசிக்கிறார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும், வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் என்றால், அந்த வீட்டு எண் என்ன?

மகலனோபிஸ் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார்: 288 வீடுகள், 204-ம் எண். ராமானுஜன் கிளறுவதை நிறுத்தாமலே, "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அதிலிருந்து அந்த ஒரு விடை மட்டுமல்ல, எத்தனை வீடுகள் கொண்ட தெருவானாலும் விடை வரும். 8 வீடு இருக்கும் சின்னத் தெருவென்றால், 6-ம் எண் வீடு. (1 முதல் 5 வரை கூட்டினால் 15, 7-ம் 8-ம் 15. சரிபார்த்துக்கொள்ளலாம்!)

அந்த வாணலியும் சிரமப்பட ஆரம்பித்திருந்த நேரம் அது. ஆகஸ்டில் முதல் உலகப்போர் வெடித்தது. டிரினிட்டி வளாகத்தின் ஒரு பகுதியிலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி வந்தது. போகப்போகக் காய்கறி கிடைப்பதே திண்டாட்டமானது. கும்பகோணத்தில் அம்மாவுக்கு என்ன எழுதினார் தெரியுமா? போர் இந்த ஊரில் இல்லை, பக்கத்து நாட்டில்தான், சென்னைக்கும் ரங்கூனுக்கும் உள்ள தூரம் என்பதுபோல ஒரு சமாதானம். முழுப் பொய்யில்லை. ஆனாலும், "நல்லா இருக்கேம்மா" ரகம்தான்.

படிப்பு ஜெயித்தது. 'மிகு பகு எண்கள்' பற்றிய ஆய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைவிடவும் அதிக வகுத்திகள் கொண்ட எண்கள் அவை. 12 இட்லியை 2, 3, 4, 6 பேருக்கு மிச்சமில்லாமல் பங்கிடலாமே, அதுபோல. அடுத்தது 24. எஃப்.ஏ. தேறாதவர் பரீட்சையே எழுதாமல் பட்டதாரியானார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

உடம்பு தோற்றது. 1917-ல் தொடங்கி மருத்துவமனை, சானடோரியம் என்று மாறி மாறிப் போனார். வீட்டுக்குக் கடிதம் எழுதுவதையே ராமானுஜன் நிறுத்திவிட்டார் என்பது ஹார்டிக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர். ஆனால் வீட்டு விஷயத்தை இவர் சொல்லவில்லை, அவரும் கேட்டிருக்கவில்லை. கும்பகோணத்திலும் நிலைமை சுகமாக இல்லை. தான் எழுதிய கடிதங்கள் கணவருக்குப் போகவிடாமல் மாமியார் தடுத்துவிட்டதாக ஜானகி பிற்காலத்தில் சொன்னதுண்டு.

1919 மார்ச் 27-ல் பம்பாயில் கப்பல் வந்து நின்றது. கரையில் அம்மாவும் தம்பியும் காத்திருந்தார்கள். மெலிந்துபோய் இறங்கிவந்த ராமானுஜன் முதலில் கேட்டது, ஜானகி எங்கே என்றுதான்.