மருந்துச் சீட்டோடு சட்ட உதவியும்

கடலோரக் கிராமம் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையம். திங்கள்கிழமை காலை. வரிசையில் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய் நிற்பதாக எண்ணிப் பார்ப்போம். அவர் காலில் புண். மணிக்கணக்கில் உப்பு நீரில் நிற்பவருக்குப் புண் எளிதில் ஆறுவதில்லை. மருத்துவர் களிம்பு எழுதித் தருகிறார். "கொஞ்ச நாளைக்குத் தண்ணியில நிக்காதீங்கம்மா" என்கிறார். அவர் தலையசைத்துவிட்டுப் போகிறார். மறுநாள் விடியுமுன் அதே பாத்தியில் இறங்குகிறார். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே வரிசை, அதே புண், அதே களிம்பு.

இதில் மருத்துவர் மீது தவறில்லை. மருந்தும் சரியான மருந்துதான். ஆனால் அந்தக் காலுக்கு மருந்தோடு ரப்பர் காலணியும் வேண்டும். அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. உப்பளமும் தொழிற்சாலைச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1961-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அந்தச் செய்தி இன்னும் எத்தனை பாத்திகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

நோயாளிக்கு மருத்துவம் கிடைக்கும் இடத்திலேயே சட்ட உதவியும் கிடைத்தால் என்ன? இந்த எளிய கேள்வியைப் பற்றித்தான் இங்கே சிந்திக்கிறோம்.

நோயின் வேர் எங்கே?

நமது முத்துக்குளித்துறையில் சில நோய்களின் வேர் உடலுக்கு வெளியே இருக்கிறது. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் சங்கு குளிப்போர் இன்றும் இருக்கிறார்கள். கம்ப்ரசர் குழாய் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டு நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலே ஏறினால், இரத்தத்தில் காற்றுக் குமிழிகள் தோன்றும். தாங்க முடியாத மூட்டுவலி வரும். சிலருக்குக் கை கால்களே முடங்கிவிடும். அந்த மனிதருக்குச் சிகிச்சை தேவை. அதோடு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், மீனவர் நல வாரியத்தின் உதவியும், பிழைக்க வேறு வழியும் தேவை.

இன்னொரு வீட்டில், கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மனைவி தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று மருத்துவரிடம் வருகிறார். ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தச் செய்தியும் இல்லாதபோதுதான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் பொதுவாகக் கருதும். அதுவரை இறப்புச் சான்றிதழுக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பீட்டுக்கும் அந்தப் பெண் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கிறது. தூக்க மாத்திரை இரவைக் கடக்க உதவலாம். விடிந்ததும் அவர் முன்னே நிற்பது சட்டச் சிக்கல்தான்.

மூன்றாவதாக, "வாசப்படியில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று முகத்தில் வீக்கத்தோடு வரும் பெண். அவர் விழவில்லை என்பது மருத்துவருக்கும் தெரியும், செவிலியருக்கும் தெரியும். காயத்துக்கு மருந்திட்டு அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம்.

பாஸ்டனில் ஒரு குழந்தை மருத்துவர்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பேரி சக்கர்மேன் என்ற குழந்தை மருத்துவருக்கு இதே மனக்குறை இருந்தது. ஆஸ்துமாவால் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்து அனுப்புவார்கள். அந்தக் குழந்தைகள் திரும்பிப் போவதோ ஈரம் கசிந்து பூஞ்சை பிடித்த வாடகை வீடுகளுக்கு. சில நாளில் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்துவிடுவார்கள். வீட்டைச் செப்பனிட வேண்டியது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. மருத்துவர் கேட்டுக்கொண்டால் அவர் அசையமாட்டார். வழக்கறிஞரின் கடிதம் போனால் அசைவார். எனவே 1993-ஆம் ஆண்டு சக்கர்மேன் தமது மருத்துவக் குழுவில் வழக்கறிஞரையும் சேர்த்துக்கொண்டார். இன்று அந்நாட்டில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளிலும் சிறு மருத்துவ நிலையங்களிலும் இந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். மருத்துவர்மீது வழக்குப் போடுவதற்கான ஏற்பாடு அல்ல இது. மருத்துவரும் வழக்கறிஞரும் நோயாளியின் பக்கம் ஒன்றாக நிற்பதற்கான ஏற்பாடு.

நம் நாட்டில், நம் கரையில்

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. மும்பை பாந்த்ராவிலுள்ள பாபா மாநகராட்சி மருத்துவமனையில் 2000-ஆம் ஆண்டு 'தில்லாசா' என்னும் மையம் தொடங்கப்பட்டது. மாநகராட்சியும் 'சேஹத்' என்ற தன்னார்வ நிறுவனமும் இணைந்து தொடங்கிய மையம் அது. வீட்டில் அடிபட்டுச் சிகிச்சைக்கு வரும் பெண்களை மருத்துவரும் செவிலியரும் அடையாளம் கண்டு அங்கே அனுப்புவார்கள். ஆறுதலும் ஆலோசனையும் சட்ட வழிகாட்டலும் அதே வளாகத்தில் கிடைக்கும். அந்தப் பெண் மருத்துவமனைக்குத்தான் வந்தார் என்பதால், வீட்டாரின் சந்தேகப் பார்வையும் அவர்மீது விழாது.

நமக்கு இன்னும் அருகிலே நடந்தது வேறொன்று. அது ஒரு துயரத்தில் பிறந்தது. 2001 ஆகஸ்டு 6 அன்று, நம் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தின் ஏர்வாடியில், மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. 2002-ஆம் ஆண்டு அது பிறப்பித்த கட்டளைகளில் ஒன்று நமது சிந்தனைக்குரியது. ஒவ்வொரு மாநிலத்திலும் சட்ட உதவி வாரியத்தைச் சேர்ந்த இருவர் மாதந்தோறும் மனநல நிலையங்களுக்குச் செல்ல வேண்டும். குணமடைந்தவர்கள் வீடு திரும்ப விண்ணப்பிப்பதற்கு உதவ வேண்டும் என்பதே அது. நோயாளி சட்டத்தைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், சட்டம் நோயாளியைத் தேடிப் போக வேண்டும் என்று சொல்லப்பட்டது.

பின்னர் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம்-2017, தனது 27-ஆம் பிரிவில் இதை உரிமையாகவே வகுத்தது. மனநோயாளர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். அதை அவருக்குத் தெரிவிப்பது மனநல நிலையத்துக்குப் பொறுப்பான மருத்துவரின் கடமை.

வாசல் திறந்தே இருக்கிறது

ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி வழங்குவது அரசின் பொறுப்பு என்று நமது அரசியலமைப்பின் 39-ஏ பிரிவு கூறுகிறது. இது 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. இதைச் செயல்படுத்த வந்த சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம்-1987, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோர் வருமான வரம்பு எதுவுமின்றி இந்த உதவியைப் பெறலாம். மற்றவர்களுக்கு மாநில அரசு வகுத்த வருமான வரம்பு உண்டு. வழக்கறிஞர் கட்டணமோ நீதிமன்றக் கட்டணமோ அவர்கள் செலுத்த வேண்டியதில்லை. தூத்துக்குடியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், வட்டங்களில் வட்டச் சட்டப்பணிகள் குழுக்களும் இதற்கென்றே உள்ளன. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம்-2005, மருத்துவ நிலையங்களுக்கும் கடமைகளை வகுத்துள்ளது. அடிபட்டு வரும் பெண்ணுக்குச் சிகிச்சை மறுக்கக் கூடாது. குடும்ப நிகழ்வு அறிக்கை இதுவரை எழுதப்படவில்லை என்றால், மருத்துவ நிலையப் பொறுப்பாளரே அதை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகலை அந்தப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். அப்படியானால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் சட்டம் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. நாம்தான் அதை அறியாமல் இருக்கிறோம்.

வாசல் திறந்திருந்தும் மக்கள் ஏன் உள்ளே போவதில்லை? கோர்ட்டுப் படி ஏறுவது என்றாலே நம் மக்களுக்கு ஓர் அச்சம், கூச்சம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற நினைப்பு வேறு. சுகாதார நிலையமோ அப்படியல்ல. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கவும் பழகிய இடம் அது. கிராம சுகாதார செவிலியர் வீட்டு முற்றம்வரை வந்து பழகியவர். வழக்கறிஞரிடம் வாய் திறக்காதவரும் அவரிடம் மனம் திறப்பார். ஆகவே அந்தப் பழகிய வாசல் வழியாகவே உதவியை நுழைப்பதுதான் அறிவுடைமை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, உண்மையைச் சொல்லப் பழகுவோம். வேலை செய்யுமிடத்தில் அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறவர்கள், "வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு" என்று சில வேளை காதில் ஓதுவார்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதப்படும். பின்னால் இழப்பீடு கேட்கும்போது அந்த ஒரு வரியே தடையாக நிற்கும். வேலையில் ஏற்படும் விபத்துக்கு இழப்பீடு பெறும் உரிமை 1923-ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டுச் சட்டத்தில் உண்டு. எங்கே, எப்படி, எந்த நேரத்தில் அடிபட்டது என்று முதல் நாளே சரியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, காகிதங்களைக் காப்போம். ஓ.பி. சீட்டு, விபத்துப் பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வைத்தால் போதும். நல வாரிய அட்டையைக் காலம் தவறாமல் புதுப்பித்துக் கொள்ளவும் வேண்டும். காலக்கெடு முடிந்தபின் கேட்கிறவருக்குச் சட்டத்தாலும் உதவ முடிவதில்லை.

மூன்றாவது, சட்டத் தன்னார்வலராக முன்வருவோம். தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009-ஆம் ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அங்கன்வாடிப் பணியாளர், மருத்துவர், மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினர் எனப் பலரும் பயிற்சி பெற்றுத் தன்னார்வலர் ஆகலாம். சட்டப் படிப்பு தேவையில்லை. ஒவ்வொரு பங்கிலிருந்தும் இருவர் முன்வந்தால், வாரத்தில் ஒரு காலை சுகாதார நிலையத்தில் ஒரு மேசை போட்டு அமர ஆணைக்குழுவிடமும் மருத்துவ அலுவலரிடமும் அனுமதி கேட்கலாம்.

நான்காவது, அன்பியக் கூட்டங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையின் வீடு சந்திப்புகளிலும் நோயாளிகளைச் சந்திக்கிறோம். செபிக்கிறோம், இயன்ற உதவியும் தருகிறோம். அதோடு இன்னொரு கேள்வியும் கேட்போம்: "இந்த நோயோடு சேர்ந்து வேறென்ன பிரச்சினை உங்களை வாட்டுகிறது?"

இதில் எச்சரிக்கையும் தேவை. நோயாளி சொல்வது நம்மோடு நிற்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் எவரிடமும், பங்குத்தந்தையிடம்கூட, அதை எடுத்துச் செல்லக் கூடாது. அடிபட்ட பெண் புகார் தர விரும்பவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைச் சொல்லி, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற நம்பிக்கையைத் தந்து காத்திருக்க வேண்டும். எல்லாச் சிக்கலுக்கும் சட்டத்தில் தீர்வு இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. பல வேளைகளில் ஒரு விண்ணப்பமோ ஒரு கடிதமோ போதும். நீதிமன்றம்வரை போகவே வேண்டியிராது.

16-ஆம் நூற்றாண்டில் இதே கரையில், புன்னைக்காயலில், அண்டிரிக் அடிகளார் ஏழை நோயாளிகளுக்கென மருத்துவமனை அமைத்தார். தமிழில் நூல் அச்சிட்ட அந்தக் கைகள் நோயாளிகளையும் தாங்கின. நல்ல சமாரியரும் காயத்தைக் கட்டியதோடு தம் கடமை முடிந்தது என்று போய்விடவில்லை. சாவடிக்குக் கொண்டுபோனார், செலவுக்குக் கொடுத்தார், திரும்பி வரும்போது மீதியையும் தருவதாகப் பொறுப்பேற்றார். காயத்துக்கு அப்பாலும் அந்த மனிதரை அவர் பார்த்தார்.

அடுத்த திங்கள்கிழமையும் அந்தத் தாய் வரிசையில் நிற்பார். களிம்போடு, அவருக்கு வழி சொல்ல ஒருவரும் அங்கே இருப்பாரா? நம் பங்கிலிருந்து அந்த ஒருவர் யார்?