மாதிரி ராக்கெட்டில் கேமரா: தேர்வும் பொருத்தலும்

பொழுதுபோக்காக ஏவப்படும் சிறு ராக்கெட்டின் மோட்டார் ஓரிரு வினாடிகளே எரிகிறது. அதற்குள் ராக்கெட் வானத்தில் ஒரு புள்ளியாகிவிடும். வால் இறக்கைகள் அதிர்ந்தனவா, உடல் சுழன்றதா, பாராசூட் உச்சியில் விரிந்ததா, கீழே விழத் தொடங்கிய பிறகு விரிந்ததா என்பவை தரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. ராக்கெட்டோடு செல்லும் கேமரா இவற்றைப் பதிவுசெய்துவிடும். ஆனால் கேமராவும் ஒரு சுமைதான். எனவே அதைத் தேர்ந்தெடுக்கும்போதும் பொருத்தும்போதும் ராக்கெட் நேராகப் பறந்து பத்திரமாக இறங்குவதே முதல் நிபந்தனை. படத்தின் தெளிவு அதற்கு அடுத்தது.

இந்த முயற்சிக்கு வயது அறுபதுக்கு மேல். அமெரிக்காவின் எஸ்டெஸ் நிறுவனம் 1965-இல் 'கேம்ராக்' என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ராக்கெட்டின் முனையில் அமர்ந்த அது ஒரு பறப்புக்கு ஒரே ஒரு படம் எடுத்தது. 1970-இல் வந்த 'சினிராக்' 10 அடி சூப்பர் 8 ஃபிலிமை வினாடிக்கு 31 படங்கள் வீதம் ஓட்டி, இருபது வினாடிக்குச் சற்று மேல் அசையும் காட்சியைப் பதிந்தது. இன்று சாவிக்கொத்து அளவேயான டிஜிட்டல் கேமரா பல நிமிடங்கள் தொடர்ந்து பதிவுசெய்கிறது.

எடையும் நிலைத்தன்மையும்

ஒவ்வொரு மோட்டாரும் தூக்கக்கூடிய மொத்த எடைக்கு உற்பத்தியாளர் ஒரு வரம்பு சொல்கிறார். எஸ்டெஸின் ஏ8-3 மோட்டாருக்கு அது சுமார் 85 கிராம். சி6-5 மோட்டாருக்கு 113 கிராம். ராக்கெட், மோட்டார், பாராசூட், கேமரா எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். சாவிக்கொத்து கேமரா 15 முதல் 20 கிராம் இருக்கும். 'மோபியஸ்' போன்றவை 40 கிராமை ஒட்டி நிற்கும். பெரிய ஆக்‌ஷன் கேமராக்கள் நூறு கிராமைத் தாண்டிவிடுவதால் அவற்றுக்குப் பெரிய மோட்டாரும் பெரிய ராக்கெட்டும் வேண்டும். வரம்பை மீறினால் ராக்கெட் ஏவுகம்பியை விட்டு மெதுவாகக் கிளம்பும். போதிய வேகம் இல்லாதபோது வால் இறக்கைகளால் அதன் திசையைக் காக்க முடியாது.

எடை எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். ராக்கெட்டின் ஈர்ப்பு மையம், காற்றின் விசைகள் ஒன்றுகூடும் அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது குழாயின் ஒரு விட்டம் அளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது விதி. கேமராவை முனைப் பக்கம் வைத்தால் இந்த இடைவெளி கூடும். வால் பக்கம் வைத்தால் குறையும். கேமரா ஏறிய பிறகு, மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்தபடி, ஈர்ப்பு மையத்தை மறுபடி அளந்து பார்க்காமல் ஏவக் கூடாது.

எந்தக் கேமரா?

ராக்கெட் பெரும்பாலும் சுழன்றபடியேதான் ஏறும். வினாடிக்கு மூன்று சுற்று சுழலும் ராக்கெட்டில், வினாடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவின் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே காட்சி 36 பாகை நகர்ந்துவிடும். 60 படம் எடுத்தால் அது 18 பாகையாகக் குறையும். ஆகவே அதிகத் தெளிவில் 30 படங்களைவிட, சற்றுக் குறைந்த தெளிவில் 60 படங்களே பயன்தரும். சிறு கேமராக்களின் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அதிர்வில் காட்சி நெளியும். வேகமாகப் படிக்கும் சென்சார் இதைக் குறைக்கும். லென்ஸ் மிதந்து அசையும் வகை நிலைப்படுத்தி இங்கே பொருந்தாது. குவியம் நிலையாக உள்ள எளிய லென்ஸ்தான் உதறலைத் தாங்கும். வை-ஃபை இருந்தால் அணைத்துவிட வேண்டும். பாராசூட்டை வெளியேற்றும் மின்னணுக் கருவி அருகில் இருக்கும்போது ரேடியோ அலை ஆபத்தானது.

சுழற்சியை அடக்குவதன் பலனுக்கு 2014 ஜூலையில் அமெரிக்காவின் பிளாக் ராக் பாலைவனத்தில் ஏவப்பட்ட 'கோஃபாஸ்ட்' ராக்கெட் நல்ல சான்று. தனியார் ஆர்வலர் குழு கட்டிய அது ஏறத்தாழ 117 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த ராக்கெட்டிலிருந்து, கயிற்றில் கட்டிய எடைகள் விரிந்து சுழற்சியைப் பிரித்தெடுத்துச் சென்றதும், அதன் கேமராக்களில் பூமியின் வளைவு அசைவின்றித் தெரிந்தது. சிறு ராக்கெட்டில் இதற்கு ஈடான வழி, வால் இறக்கைகளைக் கோணம் பிசகாமல் ஒட்டுவதுதான்.

பொருத்தும் முறை

சி6 மோட்டாரின் உச்ச உந்துவிசை சுமார் 14 நியூட்டன். நூறு கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள ராக்கெட்டில் அந்தக் கணத்தில் 20 கிராம் கேமரா கால் கிலோவுக்கு மேல் கனக்கும். பாராசூட் விரியும்போதும் தரையில் மோதும்போதும் விசை வேறு திசைகளில் வரும். ஆகவே கேமராவின் அடிப்பகுதி உறுதியான தட்டின்மேல் அமர வேண்டும். மற்றப் பக்கங்களிலும் அசைவுக்கு இடம் இருக்கக் கூடாது. மெமரி கார்டு அழுத்தினால் வெளியே துள்ளும் வகை என்றால் அதன்மேல் டேப் ஒட்ட வேண்டும். பேட்டரி இணைப்புக்கும் அதே பாதுகாப்பு தேவை.

கேமராவைக் குழாயின் வெளிப்புறத்தில் ஒட்டி, முன்னும் பின்னும் சரிவான உறையால் மூடுவது எளிய முறை. லென்ஸ் கீழ்நோக்கிப் பார்க்கும். இறக்கைகளும் புகைத்தடமும் தரையும் படத்தில் வரும். ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும் காற்றுத் தடை கூடினால் ராக்கெட் சாயும். எதிர்ப்பக்கத்தில் அதே வடிவில் வெற்று உறை ஒன்றை ஒட்டி, அதே எடையையும் சேர்த்தால் சமநிலை வரும். இன்னொரு முறையில் கேமரா குழாய்க்குள் இருக்கும். வெளியே நீட்டிய சிறு கண்ணாடி காட்சியைக் கீழிருந்து உள்ளே திருப்பும். காற்றுத் தடை குறைவு. காட்சி இடவலமாக மாறி வருவதைக் கணினியில் திருப்பிக்கொள்ளலாம். எந்த முறையானாலும் பாராசூட்டைத் தள்ளும் வெடிமருந்தின் புகை லென்ஸை எட்டாதபடி தடுப்பு வேண்டும். உயரமானிக்குக் காற்று நுழையும் துளைகள் கேமரா உறைக்கு நேர் பின்னால் இருக்கக் கூடாது. உறை கிளப்பும் சுழல்காற்றில் அளவு பிழைக்கும்.

ஏவும் நாளில்

பதிவு தொடங்கிய பிறகே ராக்கெட் ஏவுகம்பியில் ஏறும். அதன்பின் காத்திருப்பு நீளலாம். மூடிய உறைக்குள் கேமரா சூடாகும். எனவே பேட்டரியும் மெமரி கார்டும் பறப்பைவிடப் பலமடங்கு நேரத்துக்குப் போதுமானவையாக இருக்க வேண்டும். பதிவுக் கோப்பு சரியாக மூடப்படும் முன் மின்சாரம் அறுந்தால் காட்சி திறக்காமல் போகக்கூடும். சில நிமிடத் துண்டுகளாகச் சேமிக்கும்படி அமைத்தால் முழுவதும் பறிபோகாது. ராக்கெட்டை மீட்டதும் முதல் வேலை, பதிவை முறையாக நிறுத்துவது.

அதன் பிறகு காட்சியைப் படம் படமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். தொடுவானம் ஒரு சுற்று வர எத்தனை படங்கள் ஆகின்றன என்று எண்ணினால் சுழலும் வேகம் கிடைக்கும். மோட்டார் ஒலி அடங்கியதிலிருந்து பாராசூட் வெடி கேட்கும் வரையான நேரம், மோட்டாரின் உண்மையான தாமதத்தைக் காட்டும். சி6-5 என்பதில் கடைசி எண் குறிக்கும் தாமதம் 5 வினாடி. ராக்கெட் முனை கவிழ்ந்து விழத் தொடங்கிய பிறகே பாராசூட் வந்திருந்தால், அடுத்த பறப்புக்குத் தாமதம் குறைந்த சி6-3 மோட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.