வெக்டரில் படிக்கட்டுக் கோடு

இங்க்ஸ்கேப், இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வெக்டர் மென்பொருள்கள் வழவழப்பான கோட்டுக்காகவே பிறந்தவை. இரண்டு புள்ளிகளைக் காட்டினால் நடுவில் பிசிறே தெரியாமல் இழுத்துவிடும். அவற்றிடம் போய், பழைய வீடியோ கேமில் வருவது போலச் சதுரம் சதுரமாக ஏறும் கோடு வேண்டும் என்றால் கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். ஆனாலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்: பிக்சல் பாணியில் லோகோ வரைபவர்கள், கிராஸ் ஸ்டிச் பின்னல் போடுபவர்கள், தறிக்கு கிராஃப் டிசைன் எழுதுபவர்கள். பெயிண்ட் மாதிரி மென்பொருளில் பென்சிலால் இழுத்தால் இதே கோடு சுலபமாக வரும். ஆனால் அங்கே வரைந்தபின் ஒரு படியை மட்டும் பிடித்து நகர்த்த முடியாது. பேனர் அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரம் மங்கும் அபாயமும் உண்டு.

இலவசமாகக் கிடைப்பதால் இங்க்ஸ்கேப்பையே எடுத்துக்கொள்வோம். முதல் வேலை கட்டம் போடுவது. ஆவணப் பண்புகள் பகுதியில் செவ்வகக் கட்டத்தைச் சேர்த்து, இடைவெளியை 10 பிக்சல் என்று வையுங்கள். 1 என்று வைத்தால் கண்ணுக்கும் கைக்கும் வீண் வேதனை. விசைப்பலகையில் ஹாஷ் குறியை அழுத்தினால் கட்டம் தோன்றும், மறுபடி அழுத்தினால் மறையும். சதவீதக் குறி, புள்ளிகளைக் கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஸ்னாப் வசதியைத் திறந்து மூடும். ஸ்னாப் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

அடுத்து பேனா கருவி. அதை எடுத்ததும் மேலே வரும் பட்டையில் ஐந்து முறைகள் இருக்கும். ஐந்தாவதான பாரக்சியல் முறையில் கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ மட்டுமே போகும். ஒவ்வொரு கிளிக்குக்கும் திசை தானாக மாறும். கிளிக், கிளிக் என்று போய்க்கொண்டே இருந்தால் படிக்கட்டு வளரும். ஒரு படியின் நீளம் பிடிக்கவில்லை என்றால் அதன் கணுக்களைப் பிடித்துப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம்.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. வெக்டரில் ஸ்ட்ரோக்கின், அதாவது பாதை மேல் பூசும் கோட்டின் தடிமன், பாதையின் இரு பக்கமும் பாதிப் பாதியாகப் பரவும். கட்டக் கோட்டின் மேலேயே பாதை போட்டு 10 பிக்சல் தடிமன் கொடுத்தால், இந்தப் பக்கக் கட்டத்தில் 5, அந்தப் பக்கத்தில் 5 என்று உட்காரும்; ஒரு கட்டமும் நிறையாது. திரையில் கறுப்புக் கோடு சாம்பலாகிக் கலங்கித் தெரிவதற்கும் இதுவே காரணம். 1 பிக்சல் கோடு முழு எண் இடத்தில் நின்றால் இரண்டு பிக்சல்களைப் பாதி பாதி மூடுகிறது. மென்பொருள் இரண்டுக்கும் அரை நிறம் பூசுகிறது. எனவே ஸ்ட்ரோக்காக வரைவதென்றால் கட்டத்தின் தொடக்கப் புள்ளியை 5, 5 என்று தள்ளிவையுங்கள். பாதை சதுரங்களின் நடு வழியாகப் போகும். நிறம் நிரப்பிய வடிவமாக வரைவதென்றால் தள்ள வேண்டாம். கட்டக் கோட்டின் மேலேயே போகலாம்.

இரண்டில் எது நல்லது? என் கட்சி நிரப்பிய வடிவம். ஸ்ட்ரோக்கில் வரும் படிக்கட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் ‘ட’ போல மடங்கும். மூலையில் ஒரு சதுரம் கூடுதலாக வந்துவிடும். அசல் பிக்சல் ஓவியத்தின் மெல்லிய கோட்டில் அந்த மூலைச் சதுரம் இருக்காது. ஒரு படியின் கடைசிச் சதுரமும் அடுத்த படியின் முதல் சதுரமும் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். கூடுதல் சதுரங்கள் கோட்டைத் தடிமனாகக் காட்டும். கட்டம் கட்டமாகச் செவ்வகங்கள் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து யூனியன் கொடுத்து ஒன்றாக்கிவிடுங்கள். ஒட்டி நிற்கும் சதுரங்களைத் தனித்தனியாக விட்டால் சில திரைகளில் நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும்.

கருவி விஷயம் இத்துடன் சரி. கோடு அழகாக வருவது படிகளின் நீளத்தைப் பொறுத்தது. 12 சதுர அகலத்தில் 5 வரிசை ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4, 1, 3, 3, 1 என்று பிரித்தால் கூட்டுத்தொகை சரி, கோடு கோணல். 2, 3, 2, 3, 2 என்று பிரித்தால் நேராகத் தெரியும். இந்தக் கணக்கை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஐபிஎம்மின் ஜாக் பிரெசன்ஹாம். 1962-ல் உருவாக்கி, 1965-ல் வெளியிட்டார். அவர் தீர்த்தது திரைப் பிரச்சினையை அல்ல; காகிதத்தில் பேனாவால் வரையும் பிளாட்டர் இயந்திரத்தின் பிரச்சினையை. அதன் பேனா ஒரு நேரத்தில் எட்டுத் திசைகளில் ஏதோ ஒன்றில் ஒரு சிறு அடி மட்டுமே நகரும். சாய்ந்த கோடு என்றாலே அதற்குப் படிக்கட்டுதான்.

அவர் வழி லீப் ஆண்டுக் கணக்கைப் போன்றது. வருடத்துக்குக் கால் நாள் பாக்கி சேர்ந்து, நான்காம் வருடம் ஒரு நாளாகக் கழிகிறது அல்லவா? நம் கோட்டில் 12 சதுரத்துக்கு நடுவே 11 நகர்வு, 5 வரிசைக்கு நடுவே 4 ஏற்றம்; ஆகவே ஒவ்வொரு சதுரம் நகரும்போதும் 11-ல் 4 பங்கு உயரம் பாக்கி சேரும். பாக்கி அரையைத் தாண்டியதும் ஒரு வரிசை ஏறி, பாக்கியில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். பின்னமே வராமல் முழு எண்களைக் கூட்டியும் கழித்தும் இதைச் செய்துவிடலாம் என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம். கையால் வரையும் நமக்கு ஒரு கிராஃப் தாள் போதும்.

சாய்வை நாமே தேர்ந்தெடுக்க முடிந்தால் இன்னும் சுலபம். இரண்டு சதுரம் நகர்ந்து ஒன்று ஏறினால் எல்லாப் படியும் 2. கோணம் ஏறக்குறைய 26.57 பாகை. பிக்சல் விளையாட்டுகளில் கட்டடங்களைச் சாய்கோணத்தில் காட்டும்போது 30 பாகையை விட்டு இதைப் பிடிப்பதன் ரகசியம் இதுதான். 30 பாகை என்றால் இரண்டுகளுக்கு நடுவே அவ்வப்போது ஒரு ஒற்றைச் சதுரம் வந்து இடறும்.

வட்டத்தில் படிகள் சுருங்கிப் பிறகு விரிய வேண்டும். 17 சதுர அகல வட்டத்தின் உச்சியில் 5, பிறகு 2, 1, 1, 2, பக்கவாட்டில் மறுபடி 5. நடுவில் ஒரு எண் முறை தவறினாலும் வட்டம் முண்டு முண்டாகிவிடும்.

ஏற்கெனவே சின்ன பிக்சல் படம் ஒன்று கையில் இருந்தால், இங்க்ஸ்கேப்பில் பிக்சல் ஆர்ட் டிரேஸ் இருக்கிறதே என்று சிலர் ஓடுவார்கள். அது நமக்கு நேர் எதிரான வேலை செய்வது. யோஹானஸ் கோப், டானி லிஷின்ஸ்கி இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வின் வழி வந்த அந்த வசதி, படிக்கட்டைக் குழைத்து வளைவாக்கும். படி படியாகவே இருக்க வேண்டும் என்றால் அந்தப் படத்தைக் கீழே வைத்து, மேலே கட்டம் போட்டு வரைவதே வழி.

ஏற்றுமதியிலும் ஒரு கண் வேண்டும். இங்க்ஸ்கேப்பில் 96 டிபிஐ கொடுத்தால் ஒரு கட்டம் சரியாக 10 பிக்சல். 192 கொடுத்தால் 20. அச்சுக்காக 300 என்று போட்டால் கட்டம் 31.25 பிக்சலாகி, அந்தக் கால் பிக்சலால் ஓரங்கள் கலங்கும். 288 போட்டால் 30, சுத்தமாக வரும். அச்சகத்தில் 300-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பிடிஎஃப் ஆகவே கொடுத்துவிடுங்கள்.