மஞ்சள் காமாலை வைரஸ் புற்றுநோயாவது எப்படி?

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் பெரும்பாலும் கல்லீரல் செல்லைத் தானே கொல்வதில்லை. தொற்றிய செல்களை அழிக்க முனையும் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே ஆண்டுக்கணக்கில் நீளும் அழற்சியை உண்டாக்க, இறந்த செல்களின் இடத்தை நிரப்பப் புதிய செல்கள் ஓயாது பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் மரபுப்பொருளான டி.என்.ஏ.வில் பிழை சேர வாய்ப்பு உண்டாகிறது. கூடவே வடுவாக நார்த்திசு படிகிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் மரத்திசுவின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக் கல்மரமானதைப் போல, ஈரல் திசுவின் இடத்தை நார் பிடித்துக்கொள்வதே சிரோசிஸ். கல்மரம் வடிவத்தையாவது காக்கிறது, ஈரலோ அதையும் இழந்து முடிச்சு முடிச்சாகிறது. சி வகை வைரஸ் பெரும்பாலும் இவ்வழியே புற்றுக்கு இட்டுச்செல்ல, பி வகையோ தன் டி.என்.ஏ.வைச் செல்லின் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட வல்லதாதலால், சிரோசிஸ் இல்லாமலும் புற்றை உண்டாக்கக்கூடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வகை வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினர். பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அவ்விளைவு கிட்டவில்லை. காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடும் வழக்கம் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கும் புதிதன்று; ஆனால் மஞ்சள் தணிவதும் வைரஸ் ஒழிவதும் ஒன்றல்ல.

பிறக்கும்போது பி வைரஸ் தொற்றுக்கு உள்ளாவோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் தொற்று நிலைத்துவிடுவதால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடப்பட வேண்டும்; அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.