கொக்கோ விதையில் கருவின் வளர்ச்சி

சாக்லேட்டுக்கு மூலப்பொருளான கொக்கோ விதையை நெல்லைப் போல உலர்த்திச் சேமித்து வைக்க இயலாது. ஈரம் வற்றினால் உள்ளிருக்கும் கரு மாண்டுவிடும். ஆகவே, நல்ல இனங்களைக் காக்க வேண்டுமாயின் அவற்றை மரங்களாகவே வளர்த்துவர வேண்டும். டிரினிடாட் தீவிலுள்ள சர்வதேசக் கொக்கோ இனச் சேமிப்புத் தோட்டம் இத்தகையதே. தோட்டத்தில் நோய் புகுமாயின் அரிய இனங்கள் அழிய நேரிடும்.

பூவின் மலட்டுக் கேசரத் துணுக்குகளிலிருந்து கருக்களை வளர்க்கும் முறையொன்றை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1998-ல் வெளியிட்டனர். எனினும், அக்கருக்களில் பல செடியாவதில்லை. காரணம் என்ன?

செல் ஒவ்வொன்றிலும் எல்லா ஜீன்களும் உள்ளன. ஆனால், யாவும் ஒருங்கே இயங்குவதில்லை. காய் முதிர ஐந்தாறு மாதங்கள் ஆகின்றன. முதலில் கருவின் உருவை வகுக்கும் ஜீன்கள் தொழிற்படுகின்றன. அவற்றுள் தலையாயது 'லெக்-2' என்பது. அதனைக் கொக்கோ இலையில் தூண்டியபோது, விதைக்கே உரிய ஜீன்கள் அங்கும் இயங்கியமை 2014-ல் அறியப்பட்டது. பின்னர் வித்திலைகள் பருக்கின்றன. கொழுப்பும், விசிலின் முதலான சேமிப்புப் புரதங்களும் அவற்றில் நிறைகின்றன. முளைக்கும் நாற்றுக்கு இவையே கட்டுச்சோறு. விதைகளைப் புளிக்க வைக்கையில் விசிலின் சிதைந்து, சாக்லேட் மணத்துக்கும் வித்தாகிறது.

ஆய்வுக்கூடக் கருவில் இப்புரதச் சேமிப்பு குறைவு. எந்த ஜீன் எப்போது இயங்க வேண்டும் என்பதை இயற்கைக் கருவிடமிருந்து கற்று, அதற்கேற்ப ஊட்டம் அளிப்பதே ஆராய்ச்சியின் நோக்கமாகும்.