மதர்போர்டில் கோடுகள் ஏன் நெளிகின்றன?

பட்டாசு ஆலைகள் உள்ள அச்சங்குளத்தில் திரியைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சேர்த்துப் பற்றவைத்த வெடிகள் ஒன்றாக வெடிக்க, திரிகள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். மதர்போர்டிலும் அதே கணக்குதான். ராமுக்கும் பிராசசருக்கும் நடுவே உற்றுப் பாருங்கள்: நேராகப் போகக்கூடிய செம்புக் கோடுகள் சில பாம்பாய் நெளிந்திருக்கும். குட்டைக் கோட்டை நீட்டி, நீளக் கோட்டோடு சமன்செய்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான வேலை!

டிடிஆர்5 ராமின் தொடக்க வேகத்திலேயே ஒரு கோட்டில் நொடிக்கு 480 கோடி பிட்டுகள் ஓடுகின்றன. ஒரு பிட்டுக்குரிய நேரத்தில் மின்சைகை சுமார் 3 செ.மீ. தான் நகரும். நீளம் கொஞ்சம் பிசகினாலும் தரவு குழம்பலாம். பக்கத்துக் கோட்டின் இரைச்சலையும் தடுக்க வேண்டும். அதனால் மலிவான நான்கு அடுக்குப் பலகையை விட்டு ஆறு, எட்டு அடுக்குக்குப் போகிறார்கள்; விலை ஏறுகிறது.

மேசைக்கணினியில் டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 தொடுமுனைகள்தான். ஆனால் பள்ளம் இடம் மாறியிருப்பதால் ஒன்றில் மற்றது பொருந்தாது. 2021-இல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறை பிராசசர் இரண்டையும் ஏற்கும். போர்டு பெரும்பாலும் ஒன்றைத்தான். பழைய ராமையே பயன்படுத்துவதானால், போர்டு வாங்குமுன் அந்த ராமைக் கழற்றி எந்த வகை என்று பாருங்கள்.